விருதுநகர்த் தொகுதி அளித்த தீர்ப்பு



விருதுநகர் பெருந்தலைவர் காமராசர் பிறந்த ஊர். அவர் முதலமைச்சராய் வீற்றிருந்த 1956இல், அவ்வூர்த் திடலிலேயே சங்கரலிங்கனார் சூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். நாட்டிற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயர் சூட்டுக என்பதே அவர்தம் தலையாய வேண்டுகை. காந்தியடிகள் வழிநின்ற விடுதலைப் போராளி அவர். மாற்றுக் கட்சியார் ஏவிவிட்ட ஆளல்லர். அரசோ இசையவில்லை. அக்தோபர் 13இல் அப்பெருமகனார் உயிர்நீத்தார்.

1965இன் இந்தி எதிர்ப்புப் போரில் முன்னின்ற மாணவர் பெ. சீனிவாசன், 1967இல் அத்தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்று, பேராயக் கட்சித் தலைவராம் காமராசரை 1,285 வாக்குகள் மிகுதியாய்ப் பெற்று வென்றார். ஊர்தோறும் பள்ளி திறந்து, ஏழைப் பிள்ளைகட்கு நண்பகல் உணவிட்டவரை ஊரார் வெறுத்தனரா? இல்லை, இல்லவே இல்லை! அரிசித் தட்டுப்பாடும் ஒரு காரணமே. எனினும், மொழியில் பட்ட புண் அதனினும் ஆழமானது.

அவ்வாண்டு சூலை 18இல் சட்டப்பேரவை பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969 சனவரி 14இல் 'தமிழ்நாடு' எனும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதே திங்களில், நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று காமராசரும் மக்களவைக்குச் சென்றார்.