தேங்காய்ச் சாஸ்திரமும் பகுத்தறிவும்

(கோவை வட்டாரத்துக் கிராமமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. தேங்காயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நமது கொங்கு நாட்டில் கிணறு வற்றினால் போர் போடவேண்டும். அதற்குமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறோம். அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடக்கிறார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஆயிரம் அடி துளைக்கிறோம். தண்ணீர் வந்தால் தேங்காயின் மகிமை! வெறும் புகை வந்தால்? "இன்னும் நூறடி போயிருக்கோணுமுங்க", "பக்கத்துத் தோட்டத்துப் போர் இழுத்துப் போட்டுதுங்க", "தீட்டோட யாரோ வந்துட்டாங்க." கடன்பட்ட குடியானவன் தலையில் துண்டு விழுகிறதே தவிர, தேங்காய்க்கு ஒரு குறையும் வருவதில்லை. வந்தாலும் ஜெயம், வராவிட்டாலும் ஜெயம் என்றால், அந்தச் சாஸ்திரம் நமக்கு என்னதான் சொல்லிற்று?

தோழர்களே! இதே கேள்வியை வியன்னா நகரத்தில் 1902-இல் பிறந்த கார்ல் பாப்பர் என்பவர் கேட்டார். 1919-இல் அவர் ஆட்லர் என்ற மனோதத்துவ நிபுணரிடம் ஒரு குழந்தையின் விஷயத்தைச் சொன்னாராம். குழந்தையைப் பாராமலே ஆட்லர் தம் கொள்கைப்படி விளக்கம் சொல்லிவிட்டார். எப்படித் தெரியும் என்றதற்கு, ஆயிரம் அனுபவம் என்றார். இப்பொழுது ஆயிரத்தோரு அனுபவம் ஆகிவிட்டதாக்கும் என்று சொல்லிவிட்டார் பாப்பர்! எதற்கும் விளக்கம் சொல்லக்கூடிய கொள்கைக்கு ஒவ்வொன்றும் சாட்சியாகிவிடும். ஆகவே, "இது நடந்தால் என் கொள்கை தப்பு" என்று முன்கூட்டியே சொல்லத் துணிந்ததுதான் விஞ்ஞானம் என்று 1934-இல் புத்தகம் எழுதினார். நாம் தவறக்கூடும், பிறர் கண்டனத்தாலேயே திருந்துகிறோம் என்னும் இந்தப் போக்குக்கு விமர்சனப் பகுத்தறிவுவாதம் என்று பெயர்.

"விஞ்ஞானிகள் மட்டும் சமாதானம் சொல்வதில்லையா?" என்று சிலர் கேட்கலாம். சொல்கிறார்கள். யுரேனஸ் கிரகம் நியூட்டன் கணக்குப்படி ஓடவில்லை. உடனே நியூட்டனைத் தூக்கி எறியவில்லை. வேறொரு கிரகம் இழுக்கிறது என்றார்கள். ஆனால் அது எங்கே இருக்கும் என்றும் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1846-இல் அங்கே தேடினார்கள், நெப்டியூன் அகப்பட்டது. புதன் கிரகம் பிசகியபோதும், 1859-இல் அதேபோல் வல்கன் என்றொரு கிரகத்தைச் சொன்னார்கள். தேடினார்கள், இல்லை. அந்தச் சமாதானம் செத்தது; 1915-இல் ஐன்ஸ்டைன் வேறு காரணம் காட்டினார். விஞ்ஞானியின் சமாதானம் பரீட்சைக்கு வருகிறது. தேங்காய்க்காரரின் சமாதானம் பரீட்சையிலிருந்து ஓடுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான்.

இதைச் செய்கையில் காட்டியவர் நமது கோவைப் போத்தனூரிலேயே வாழ்ந்தார். இலங்கையில் டாக்டர் கோவூர் 1963-இல், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின்கீழ் அற்புதம் செய்து காட்டுவோருக்கு லட்ச ரூபாய் என்று அறைகூவினார். 1978-இல் அவர் மறைந்தபின் அதே அறைகூவலைத் தோழர் பிரேமானந்த் ஏற்று, 2009-இல் தாம் மறையும்வரை நடத்தினார். யாரும் வெல்லவில்லை. அது வெறும் பணப்பந்தயமன்று. "இதைக் காட்டு, நான் தோற்றேன்" என்று பகுத்தறிவுவாதி தன் கொள்கையையே பணயம் வைத்ததாகும்.

ஆகவே, போர் வண்டியைக் கூப்பிடுமுன் நீங்களும் ஒரு பரீட்சை செய்யுங்கள். தேங்காய்க்காரர் பத்து இடம் காட்டட்டும். அளந்து குறித்துக்கொண்டு, அடையாளங்களை எடுத்துவிடுங்கள். பிறகு அவர் கண்ணைக் கட்டி, அந்த இடங்களை அறியாத ஒருவர் கையைப் பிடித்துக் காடு முழுதும் அழைத்துச் செல்லட்டும். தேங்காய் அதே இடங்களில் எழுந்து நிற்கிறதா பாருங்கள். எத்தனை ஒத்தால் ஜெயம் என்பதை முன்னமே இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பாறைச் சந்தில் நீர் ஓடும் நாட்டில் கண்ட இடத்தில் துளைத்தாலும் சிலபோது தண்ணீர் வரும். ஆதலால் "போனவருஷம் வந்ததே" என்பது ருசுவாகாது. மீட்டர் வைத்துப் பார்ப்பவரையும் இப்படியே கணக்குக் கேளுங்கள்.

நமக்கும் இதுவே சட்டம். பத்துக்கு ஒன்பது ஒத்துவிட்டால், மறுபடியும் வேறு காட்டில் நடத்துவோம். அங்கேயும் ஒத்தால் நாம் தோற்றோம் என்று இதே பத்திரிகையில் எழுதுவோம். எழுத மனமில்லையென்றால் நமக்குப் பகுத்தறிவுவாதி என்னும் பேர் எதற்கு? தாம் சொன்னதற்காக நம்பவேண்டாம், ஆராய்ந்து பாருங்கள் என்றுதானே பெரியார் மேடைதோறும் சொன்னார்? நம் மேடையில் சொன்னதென்பதற்காகவே ஒன்றை நம்பினால், அதுவும் ஒரு தேங்காய்தான்!