யூனிக்ஸ் பயிலத் தொடங்குவோர்க்கு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் மெட்ரிகுலேஷனோடு நின்று, இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ஓய்வு நேரங்களில் கணினி பயின்று வருகின்றேன். நம் காலனிப் பிள்ளைகள் சிலர், "யூனிக்ஸ் கற்க விரும்புகின்றோம், வீட்டுக் கணினியைத் தொட அப்பா விடுவதில்லை" என்று முறையிட்டதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன். அந்தத் தந்தையின் அச்சத்திலும் நியாயம் உண்டு. வீட்டிற்கு ஒரே கணினி. திருமணப் படங்களும் சேமநிதிக் கணக்கும் அதிலேதான். புதிய இயங்குதளத்தை நிறுவப்போய் அத்தனையும் அழிந்தால் யார் பொறுப்பு?

இவ்விடரைத் தவிர்க்க அமைந்ததே லைவ் தளம். பென் டிரைவிலிருந்தே அது கணினியை இயக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கி, அணைத்தவுடன் மறையும். இரவு தங்கிய விருந்தினர், ஒரு பாத்திரமும் இடம் மாறாமல் விடியலில் புறப்பட்டது போல! ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் இம்முறையைப் பலரறியச் செய்தது.

யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதன் போக்கைப் பின்பற்றிப் புதிதாக எழுதப்பட்டதாகும். அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றே; ஆதலின் தொடக்கத்திற்கு லினக்ஸே போதும்.

அவற்றுள் டெபியன் லைவ் என்பதையே யான் பரிந்துரைப்பேன். 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைச் சேர்த்தால், இணையமின்றியே விளக்கம் திரையில் விரியும். இதனினும் நல்லாசிரியர் வேறில்லை. லினக்ஸ் மின்ட் கண்ணுக்கினியது. அவ்வழகில் மயங்கிக் கட்டளைத் திரையைத் திறவாமலே காலங்கழிக்கும் பிள்ளைகளும் உண்டு. பப்பி லினக்ஸ் பழங்கணினிகளுக்கு உகந்தது. ஆனால் அது வழக்கமாகத் தலைமைப் பயனர் அதிகாரத்திலேயே இயங்கும். முதல் நாளே போர்ட்டரிடம் ஸ்டேஷன் மாஸ்டரின் சாவிக்கொத்தைக் கொடுப்பது போன்றது அது. யாருக்கு எந்தக் கோப்பில் என்ன உரிமை என்பதன்றோ யூனிக்ஸின் உயிர்நிலை! அப்பாடத்தை எங்ஙனம் கற்பது?

லைவ் தளம் மறதியுடையது. எழுதிய பயிற்சிகளை மற்றொரு பென் டிரைவில் படியெடுத்தல் வேண்டும். ஓராறு திங்கள் பழகியபின் நோமாட்பிஎஸ்டியைக் காணலாம். அது தன் பென் டிரைவிலேயே யாவற்றையும் சேமிக்கும். அதன் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி, பெர்க்லி பல்கலைக்கழக வழிவந்த யூனிக்ஸ் மரபினது.

தந்தையர்க்கு ஒரு சொல். லைவ் தளமும் முழுக் காவல் அன்று. 'இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தாலும், 'சூடோ' என்று தலைமை அதிகாரம் பெற்று வட்டில் எழுதினாலும் இழப்பு நேரும். ஆகவே படங்களை முன்னரே வேறிடத்தில் படியெடுத்து வைத்திடுக.

வரும் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் இதனைச் செய்து காட்டுவேன். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று கொணர்க. தளத்தை அதில் எழுதும்போது உள்ளிருப்பவை அனைத்தும் அழியுமாதலின், வெறுமையானதாகக் கொணர்க.