குளக்கரை விருந்தினர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தையும் இசையையும் எதிர்பார்த்து வந்திருக்கும் உங்கள் முன், நாரையையும் கொக்கையும் பற்றிப் பேசத் துணிந்திருக்கின்றோம். தமிழர்க்கு நாரை புதிய பொருள் அன்று. மதுரையிலே குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பியது ஒரு நாரையிடந்தான். தலைநகரில் வந்து குடியேறிய நமக்கோ நாரை இன்னும் நெருங்கிய அயலார். பழைய கோட்டையை ஒட்டி அமைந்துள்ள தில்லி மிருகக் காட்சிசாலை 1959 நவம்பர் 1ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்றது. மறு ஆண்டே, அதாவது 1960இல், எவரும் பிடித்து வராத, எவரும் விலை கொடுத்து வாங்காத சங்குவளை நாரைகள் தாமே வந்து, அங்குள்ள குளத்துத் தீவு மரங்களில் கூடு கட்டின. அன்று தொட்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில் அவை வருவதும், குஞ்சு பொரித்து வளர்த்துக் கோடை முற்றுமுன் பறந்து போவதும் வழக்கமாகிவிட்டது.

ஆக, அந்த வளாகத்தில் இருவகைப் பறவைகள் இருக்கின்றன. ஒருவகை, அரசாங்கப் பதிவேட்டில் பெயர் உள்ளவை, மற்றொருவகை விருந்தினர். ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போகும் நம்மவர் பலர் இவ்வேறுபாட்டை அறியார். புலியைத் தேடி விரைகின்றவர்கள் குளக்கரையில் ஒரு நிமிடமும் நிற்பதில்லை. ஆனால் புலியை வைத்துக் காப்பதைவிட, நீரில் நடந்து இரை தேடும் இந்த நெட்டைக்கால் பறவைகளை வைத்துக் காப்பது பலவகையில் கடினமான தொழில். பூநாரை, நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகிய இவையெல்லாம் பெரும்பாலும் கூடி வாழும் இயல்பின. இவற்றைப் பொறுத்தமட்டில் காட்சிசாலை காக்க வேண்டியது ஒரு பறவையை அன்று, ஒரு கூட்டத்தை. இதை உணராமையால் உலகெங்கும் நேர்ந்த இழப்புகள் பல.

பூநாரையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் காட்சிசாலைகள் அழகுக்காகச் சில பூநாரைகளை வாங்கிக் குளத்தில் விட்டு வைத்தன. அவை உண்டன, உறங்கின, ஆண்டுகள் பல வாழ்ந்தன. ஆனால் முட்டை இடவில்லை. மேலும், செந்நிறம் நாளுக்கு நாள் மங்கி வெளிறிப் போயின. நிறம் மங்கியதன் காரணம் முதலில் விளங்கிற்று. பூநாரையின் சிவப்பு அதன் உடம்பில் தானே ஊறுவதன்று. உப்புநீரில் வளரும் பாசியிலும் சிற்றிறால்களிலும் உள்ள நிறப்பொருளிலிருந்து பெறுவது. தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக வைத்து, சல்லடையில் சலிப்பதுபோல் அது அரித்து உண்ணும் உணவே அதன் வண்ணம். தானியத்தையும் ரொட்டியையும் போட்டால் வண்ணம் எங்கிருந்து வரும்? கேரட்டும் செம்மிளகாயும் இறாலும் சேர்த்துப் பார்த்தார்கள், பிறகு அந்நிறப்பொருளையே தீவனத்தில் கலந்தார்கள், சிவப்பு மீண்டது.

இனப்பெருக்கம் மட்டும் எளிதில் மீளவில்லை. பூநாரைகள் இணை சேர்வதற்குமுன் கூட்டமாக ஒரு நடனம் ஆடும். எல்லாம் ஒரே திசையில் நெருங்கி நடக்கும். தலையை இருபுறமும் வெட்டித் திருப்பும். சிறகை ஒருசேர விரித்துக் காட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது அது. நாலு பேர் வடம் பிடித்தால் தேர் நகருமா? இருபதுக்குக் குறையாத கூட்டம் வேண்டும், நாற்பதும் அதற்கு மேலும் இருப்பின் நன்று என்பது இத்துறையில் பழகியோர் கண்ட உண்மை. சிறு கூட்டமே வைத்திருந்த சில காட்சிசாலைகள் ஓர் உபாயம் செய்தன. குளக்கரையில் பெரிய நிலைக்கண்ணாடிகளை நிறுத்தின. தம் உருவத்தையே பிற பறவைகள் என எண்ணிய பூநாரைகள் சற்று ஊக்கம் கொண்டு ஆடின என்பர். நம் கருத்தில் இது ஆளில்லாத பந்தலில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துக் கல்யாணம் செய்வது போன்றதே. கூட்டத்தைப் பெருக்க இயலாத காட்சிசாலை, தன்னிடமுள்ள சிலவற்றையும் பெருங்கூட்டம் உள்ள இடத்திற்கு அனுப்பிவிடுவதே முறை.

கூடு விஷயமும் அப்படியே. சேற்றை அலகால் குவித்து, நடுவே குழிந்த ஒரு மேடை செய்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். சேறு காய்ந்திருந்தால் கூடு இல்லை. நீர்மட்டம் ஏறினால் முட்டை இல்லை. ஆகவே பணியாளர்கள் பருவம் அறிந்து மண்ணை நனைத்துக் குழைத்து வைக்கிறார்கள். சில மேடைகளைத் தாமே தொடங்கியும் வைக்கிறார்கள். கூட்ட நெரிசலில் முட்டை உருண்டு உடையும் அச்சம் இருந்தால், அதை எடுத்து அடைகாக்கும் பொறியில் வைத்து, கூட்டில் மரமுட்டை ஒன்றை மாற்றி வைப்பதும் உண்டு. பெற்றோர் அதையே நம்பி அடைகாக்கும். ஓடு விரியும் தருணத்தில் உண்மை முட்டை திரும்ப வந்துவிடும். பொரித்த குஞ்சுக்குத் தாய் தந்தை இருவரும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் செந்நிறப் பாலை ஊட்டுகின்றன. ஊட்ட ஊட்டப் பெற்றோரின் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். இதைக் கேட்கும் தாய்மார்களுக்கு நாம் விளக்கம் கூற வேண்டியதில்லை.

இன்னொன்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு காட்சிசாலையில் இருந்த ஒரு பூநாரை 2014இல் இறந்தபோது அதன் வயது குறைந்தது 83 எனக் கணக்கிட்டார்கள். ஒரு பூநாரையை வாங்க உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரி ஓய்வு பெற்று, அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்ற பிறகும் அப்பறவை நின்றுகொண்டிருக்கும். கோப்புகளோடு வாழும் நம் காலனியார் இதன் பொருளை நன்கு அறிவர்.

இனி, சிறகு. திறந்த குளத்தில் நிற்கும் பறவை ஏன் பறந்து போகவில்லை என்று குழந்தைகள் கேட்பதுண்டு. பதில் இனிமையானதன்று. சில இடங்களில் ஆண்டுதோறும் சிறகு முளைக்க முளைக்க இறகுகளை மட்டும் கத்தரிப்பார்கள். வேறு சில இடங்களில், குஞ்சாக இருக்கும்போதே ஒரு பக்கச் சிறகின் நுனி மூட்டையே வெட்டிவிடுவார்கள். அப்பறவை வாழ்நாள் முழுவதும் பறக்காது. முன்னது மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலக் காட்சிசாலை ஒன்றில், 2005ஆம் ஆண்டு காற்று பலமாக வீசிய ஒரு நாள், இறகு கத்தரிக்கப்படாத இரு பூநாரைகள் பறந்து போயின. அவற்றுள் 492 என்ற எண் வளையம் அணிந்த ஆப்பிரிக்கப் பூநாரை டெக்ஸாஸ் கடற்கரைக்குச் சென்று, 2022 வரையிலும் அங்கே பலர் கண்ணில் பட்டது. தன் இனம் ஒன்றேனும் இல்லாத அந்நாட்டில், மெக்ஸிகோவிலிருந்து வந்த வேறு வகைப் பூநாரை ஒன்றோடு அது சேர்ந்து திரிந்ததையும் கண்டார்கள்.

பின்னது, மூட்டை வெட்டுவது, கொடுமை என்பது ஒருபுறம் இருக்க, பயனும் கெடுப்பது. இணையும்போது ஆண் பறவை பெண்ணின் முதுகின்மேல் சிறகை விரித்துச் சமன் செய்து நிற்கவேண்டும். ஒரு சிறகு குறைந்தது எவ்வாறு நிற்கும்? கருவுறாத முட்டைகள் மிகுவதற்கு இது ஒரு காரணம். வலைக்கூரை வேய்ந்த பெரிய பறவைக்கூடம் கட்டினால் வெட்டவேண்டிய தேவை இல்லை. அதற்குப் பொருட்செலவு மிகுதி. ஆயினும், அச்செலவைச் செய்ய இயலாதவர் அப்பறவையை வைத்திருக்க வேண்டா என்பதே நம் துணிபு.

கால்களைப் பற்றி ஒரு சொல். சிமெண்டுத் தரை இப்பறவைகளின் உள்ளங்காலைப் புண்ணாக்கும். மணலும் சேறும் நீருமே ஏற்றவை. மருத்துவத்திற்காகப் பிடிப்பதும் ஒரு கலை. வெயிலில் துரத்திப் பிடித்து நெடுநேரம் கால்களை மடக்கி வைத்தால், விட்ட பிறகு தசை செயலற்று எழுந்து நிற்க மாட்டாமலே இறந்துபோவதுண்டு. ஆகவே குளிர்ந்த வேளையில், ஆட்கள் அவரவர் வேலையை முன்பே பகிர்ந்துகொண்டு, சில நிமிடங்களில் முடிக்கவேண்டும். ஆணும் பெண்ணும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றுவதால், ஓர் இறகை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிப் பாலினம் அறிகிறார்கள். எந்தப் பறவை எந்தப் பறவையின் குஞ்சு என்று பதிவேடு வைத்து, நெருங்கிய உறவுக்குள் இணை சேராதபடி ஒரு காட்சிசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார்கள். நம் பெரியோர் கோத்திரம் பார்ப்பதுபோல என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

இவ்வளவு பாடும் எதற்கு? வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமா? ஜப்பான் நாட்டுச் செய்தி இதற்கு விடை. அங்குக் காட்டில் வாழ்ந்த கடைசி நாரை 1971இல் மறைந்தது. தோயோகா என்னும் ஊரார் 1985இல் ருஷ்யாவிலிருந்து ஆறு இளம் நாரைகளைப் பெற்றுக் கூண்டில் வளர்த்தார்கள். 1989இல் குஞ்சு பொரித்தது. 2005இல் திறந்து விட்டார்கள். அதற்கிடையே வயலில் நஞ்சு தெளிப்பதைக் குறைத்து, மீனும் தவளையும் வாழும்படி நெல் பயிரிடும் முறையை உழவர்கள் மேற்கொண்டார்கள். கூண்டு திறந்தால் மட்டும் போதாது, இறங்கி மேய வயல் வேண்டும் என்பதை அவர்கள் முன்னரே எண்ணினார்கள். கொண்டை அரிவாள் மூக்கனின் கதை இன்னும் துயரமானது. 1981இல் சீன நாட்டில் ஏழே பறவைகள் காணப்பட்டன. ஜப்பானில் பிறந்தவற்றுள் எஞ்சிய கடைசிப் பறவை 2003இல் கூண்டிலேயே இறந்தது. சீனப் பறவைகளின் வழித்தோன்றல்களே 2008 முதல் சாதோ தீவில் மீண்டும் பறக்கின்றன.

நம்மைப் போன்ற குடியேறியோர் உள்ளத்தைத் தொடுவது ஐரோப்பிய மொட்டைத்தலை அரிவாள் மூக்கன். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆல்ப்ஸ் மலை நாடுகளில் அது அற்றுப் போயிற்று. காட்சிசாலைகளில் மட்டும் பெருகி ஆயிரத்தைத் தாண்டியது. திறந்து விடலாம் என்றால் ஒரு தடை. குளிர்காலத்தில் தெற்கே போகவேண்டும் என்ற தவிப்பு அதற்கு இரத்தத்திலேயே உண்டு. போகும் வழியோ மூத்த பறவைகளைப் பின்தொடர்ந்து கற்கவேண்டியது. கூண்டில் பிறந்த தலைமுறைக்கு வழிகாட்ட எந்தக் கிழப்பறவையும் இல்லை. எனவே மனிதர் சிலர் குஞ்சுகளுக்குத் தாயாக நின்று ஊட்டி வளர்த்து, சிறிய விமானத்தில் முன்னே பறந்து, இத்தாலியின் தஸ்கனிப் பகுதி வரை அழைத்துச் சென்று வழி காட்டினார்கள். அவ்வாறு கற்றவை தாமே திரும்பி வந்தன. தம் குஞ்சுகளுக்கும் வழி காட்டின. பருவநிலை மாறியதால் 2023 முதல் ஸ்பெயினின் தென்பகுதிக்கு வேறு வழியும் காட்டப்பட்டது. ஊருக்குப் போகவேண்டும் என்ற ஆசை இருந்தும் வழி தெரியாத பிள்ளைகளை நம் காலனியிலும் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இரயில் உண்டு.

இனி நம் குளக்கரைக்கு வருவோம். விருந்தினரால் காட்சிசாலைக்கு ஒரு பெருஞ்சிக்கல் நேர்ந்துள்ளது. பறவைக் காய்ச்சலால் 2016 அக்டோபரில் தில்லிக் காட்சிசாலை மூடப்பட்டது. 2021 சனவரியில் அங்கு இறந்த ஆந்தை ஒன்றில் அந்நோய் காணப்பட்டது. 2025இல் சங்குவளை நாரைகளிடமே நோய் தோன்ற, ஆகஸ்டு 30 முதல் மீண்டும் மூடி, நவம்பரில்தான் திறந்தார்கள். அப்படியாயின் வெளிப்பறவைகள் வாராமல் மரங்களை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். தோன்றலாம், செய்யலாகாது. யமுனைக் கரையிலும் ஓக்லா நீர்த்தேக்கத்திலும் மேயும் நாரைகளுக்கு, நாய் ஏறாத, மனிதர் நெருங்காத தீவு மரம் இந்நகரில் வேறு எத்தனை உண்டு? அவற்றை விரட்டினால் நோயும் போய்விடாது. கூடிழந்த பறவைகளோடு சேர்ந்து பல இடங்களுக்கும் அது பரவக்கூடும். வளர்ப்புப் பறவைகளை வலைக்கூரையின் கீழ்த் தனிக் குளத்தில் வைப்பது, அவற்றின் தீவனத்தில் வெளிப்பறவை வாய் வைக்காமல் பார்ப்பது, பணியாளர் காலணியை மருந்து நீரில் நனைத்தே உள்ளே செல்வது ஆகியவை இயலும் செயல்கள். ஐரோப்பிய நாடுகள் காட்சிசாலைப் பறவைகளுக்குத் தடுப்பூசி போட 2005இலேயே வழி செய்தன. நம் நாட்டிலும் அதனை ஆராய்தல் தகும்.

மரங்களையும் கவனிக்கவேண்டும். செங்கற்பட்டுப் பக்கத்துப் பெரியோர் வேடந்தாங்கலை அறிவார்கள். இதே சங்குவளை நாரையும் அரிவாள் மூக்கனும் அங்கும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால், பறவைகளைச் சுடலாகாது என்று 1798ஆம் ஆண்டிலேயே அவ்வூரார் கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்தார்கள். தில்லிக் குளத்திற்குப் பாசன வயல் இல்லை. எச்சம் நீரிலேயே தேங்கும். கூடு சுமக்கும் மரங்களும் அதனாலேயே நாளடைவில் பட்டுப்போகும். நீரை மாற்றுவதும், பழைய மரம் சாய்வதற்குமுன் புதிய கன்றை வளர்த்து வைப்பதும் ஓயாத வேலை.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வேளையில் செல்வீர்களாயின், கூடுகளில் வெள்ளைக் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்துவதைக் கேட்கலாம். பெற்றோர் மீனைக் கக்கிப் போடுவதையும், வெயில் ஏறியதும் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிப்பதையும் காணலாம். முதுகுப்புறத்து இறகுகள் ரோஜா நிறமாய் இருப்பவை வளர்ந்த பறவைகள். குழந்தைகள் கையில் உள்ள ரொட்டியையும் பொரியையும் குளத்தில் எறிய விடாதீர்கள். அவை மீன் தின்னும் பறவைகள். எறிந்தது ஊறி நீரைத்தான் கெடுக்கும்.