கண்ணாடி பார்த்து வரைந்த சிறுவன்

(கலைக் கல்வி குறித்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் ஓவியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் எட்டாம் வகுப்பு மாணவனின் வயதுதான். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1471இல் பிறந்த ஆல்பிரெக்ட் டியூரர், 1484இல் கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்த படம் அது. இன்று வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொப்பியும் நீண்ட முடியும் உப்பிய கன்னமுமாக ஒரு சிறுவன் சற்றுத் திரும்பியிருக்கிறான். ஒரு கையின் சுட்டுவிரல் நீண்டிருக்கிறது. மறு கை சட்டைக் கைக்குள் மறைந்துவிட்டது. வரைந்துகொண்டிருக்கும் கையை அசையாமல் வைத்துப் பார்த்து வரைய முடியாதல்லவா? அதற்கு அந்தப் பிள்ளை கண்ட வழி இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூச்சுப் பூசிய தாளில் வெள்ளி முனையால் வரைந்த படம் இது. அந்தக் கோட்டை எளிதில் அழிக்க முடியாது. ஆகவே நன்றாகப் பார்த்த பிறகே கோடு போட வேண்டும். நம் வகுப்பில் கோடு விழுவதற்கு முன்பே அழிப்பான் கைக்கு வந்துவிடுகிறது.

டியூரரின் தந்தை பொற்கொல்லர். எழுதப் படிக்கத் தெரிந்ததும் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். மகனின் மனமோ ஓவியத்தில் இருந்தது. பழகிய காலம் வீணாகிறதே என்று தந்தை வருந்தினார், ஆனாலும் இணங்கினார். 1486இல் மிக்கேல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் மகனைச் சேர்த்துவிட்டார்.

பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற டியூரர், இந்தப் பழைய தாளை ஒதுக்கிவிடவில்லை. 1484இல், தாம் இன்னும் குழந்தையாக இருந்தபோது, கண்ணாடி பார்த்து வரைந்தது என்று தம் கையாலேயே அதன்மீது குறித்து வைத்தார்.

நம் பிள்ளைகளின் படங்கள் எங்கே போகின்றன? ஆண்டு இறுதியில் பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன. நாம் கரும்பலகையில் வரைந்த மாம்பழத்தையே நாற்பது பேரும் வரைகிறார்கள். கோணலாக வந்தால் நாமே திருத்திவிடுகிறோம். அப்போது அது யாருடைய படம்?

ஜூன் மாதம் ஒரு கண்ணாடியை வகுப்பில் மாட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் முகத்தை, அழிப்பான் இல்லாமல் வரையட்டும். பெயரும் தேதியும் அவர்களே எழுதட்டும். மார்ச்சில் மறுபடி வரையச் சொல்லி, இரண்டையும் அவர்கள் கையில் கொடுங்கள். மதிப்பெண் மட்டும் போட வேண்டாம்.

எல்லாரும் டியூரர் ஆகப்போவதில்லை. ஆனால் தன் முகத்தைத் தானே உற்றுப் பார்த்த ஒரு மணி நேரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும்.