மலைக்கிராமத்தில் தொண்ணூறு நாட்கள்

(நமது கிளையின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெண் அகத்துக்குப் போய்வந்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் செயலாளர். எனக்குப் பத்து நிமிஷம் போதாது என்பது உங்களுக்கே தெரியும்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் 2023-ல் ஸ்பெயினுக்குக் குடிபோனார்கள். அயல்நாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் அங்கு தங்கலாம் என்று 2022 டிசம்பரில் சட்டம் வந்தது. அந்த விசாதான். மாட்ரிட், பார்சிலோனா என்று நாங்கள் நினைத்திருக்க, அவர்கள் பிடித்ததோ கிரனாடா மாகாணத்தில் சியரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் ஒரு சின்ன கிராமம். அந்தப் பகுதிக்கு அல்புஹார்ரா என்று பெயர். வெள்ளையடித்த வீடுகள், தட்டையான மண் கூரைகள். முஸ்லிம் அரசர்கள் காலத்து வாய்க்கால்களில் இன்றும் மலைத்தண்ணீர் ஓடுகிறது. என் கணவர் தஞ்சாவூர்க்காரர். முதல் நாளே வாய்க்கால் ஓரம் போய் நின்றவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அழைத்து வரவேண்டியதாயிற்று.

நாங்கள் போனது 2024 செப்டம்பரில். நம் சுற்றுலா விசாவில் 180 நாளைக்கு 90 நாள்தான்.

காலையில் ரொட்டி வண்டி ஹாரன் அடிக்கும். மதியம் இரண்டு மணிக்குக் கடை மூடினால் ஐந்துக்கு மேல்தான் திறப்பார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு. காஸ் சிலிண்டர் ஆரஞ்சு நிறம், பன்னிரண்டரை கிலோ. கொண்டைக்கடலை, பயறு, தயிர் எல்லாம் கிடைத்தன. புளியும் பெருங்காயமும் கொண்டுபோயிருந்தேன். வெளியில் சாப்பிடுவதுதான் சிரமம். சைவம் என்று சொன்னால் சாலட்டில் சூரை மீனைப் போட்டுக் கொண்டு வருகிறார்கள். மீன் மாமிசத்தில் சேர்த்தியில்லையாம்!

அங்கே வெள்ளைக்காரர்கள் குடியேறுவது புதிதல்ல. ஜெரால்ட் பிரெனன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1920-லேயே யெகென் என்ற பக்கத்துக் கிராமத்தில் வாடகைக்கு வீடு எடுத்து, பெட்டி பெட்டியாகப் புத்தகங்களைக் கொண்டுவந்து இறக்கினாராம். எங்கள் எதிர்வீட்டிலும் ஓர் இங்கிலாந்து அம்மாள். எழுபத்தாறு வயது. இருபது வருஷமாக அங்கேதான். கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வெளியில் பேசுவதெல்லாம் அவர்தானாம். இந்த அம்மாளுக்கு ‘காலை வணக்கம்’, ‘நன்றி’, ரொட்டியின் பெயர், அவ்வளவுதான். அத்தனை வருஷம் அது போதுமாயிருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் அவர் வந்து, டாக்டரிடம் போகவேண்டும், உங்கள் பேத்தி துணைக்கு வருவாளா என்று கேட்டார். பேத்திக்கு ஒன்பது வயது. உள்ளூர்ப் பள்ளியில் படித்து ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவாள். பெண் மீட்டிங்கில் இருந்ததால் நானும் கூடப் போனேன். டாக்டர் கிராமத்துக்கு வாரத்தில் சில நாட்கள்தான் வருவார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பேச ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார். இங்கிலீஷ் தெரிந்த ரொட்டிக்கடைப் பெண் மாவுக் கையோடு ஓடி வந்தாள். என்னையும் பேத்தியையும் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

“பாட்டி, நான் ஏதாவது தப்பாச் சொன்னேனா?” என்று கேட்டது குழந்தை. இல்லைடி கண்ணா என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த மாதமே அந்த வீட்டுக் கதவில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கியது. மகனிடம் இங்கிலாந்துக்கே போகிறார். பக்கத்து வீட்டுக் கிழவி தினம் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், “நீங்களும் இங்கேயே வந்துடுங்கோம்மா” என்று என் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். விசாவுக்கு வழியிருக்கிறதா என்று மாப்பிள்ளை விசாரித்துக்கொண்டிருக்கிறார். இங்கே பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். குளிரைப் பற்றிக் கேட்டேன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். ‘டாக்டரிடம் யார் பேசுவார்கள்’ என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஊர் திரும்பியதிலிருந்து என் கணவர் தினமும் காலை காபி ஆனதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் பாடம் கேட்கிறார். வாய்க்காலுக்கு என்ன வார்த்தை என்று போன வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் இன்னும் சேரவில்லை.