கையில் அகப்படும்போதே பிடிப்போம்!

(தருமபுரி மாவட்டம் சித்தேரியில், மகளிர் சுய உதவிக் குழுவினரும் விவசாயிகளும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காட்டு வேலை, ஆடு மாடு எல்லாத்தையும் விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், அக்காக்கள், அண்ணன்கள், பெரியவர்கள் எல்லாருக்கும் முதலில் நன்றி. ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன்.

இன்னைக்கு நான் பேசப்போறது பிளாஸ்டிக்கைப் பற்றி. "இதைத்தான் எல்லாரும் வந்து சொல்றாங்களே, புதுசா என்ன?" என்று நீங்க நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது தெருவில் கிடக்கும் கவரைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் கவர் உடைஞ்சு, நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாமப் போன பிறகு எங்கே போகுது என்பதைப் பற்றி.

ஒரே ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க. இலை மக்கும், சாணம் மக்கும். பிளாஸ்டிக் அப்படி மக்காது, பொடியாகும். பொடியான பிறகு அதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால் அது கையில் அகப்படும் அளவில் இருக்கும்போதே பிடிக்கணும். மீதி நான் சொல்வதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

சாமையில் இருந்து தலைமுடி வரை

பிளாஸ்டிக் துகள்களை 2 வகையாகப் பிரிக்கிறாங்க. 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது மைக்ரோபிளாஸ்டிக். நீங்க விளைவிக்கும் சாமை, கேழ்வரகு அளவுள்ள பிளாஸ்டிக் துணுக்கும் இந்தக் கணக்கில்தான் வரும். அது கண்ணுக்குத் தெரியும். அதைவிடச் சின்னதாகப் போகப்போகத்தான் சிக்கல்.

ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம்ம தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரானுக்கும் கீழே போனால் அது நானோபிளாஸ்டிக். சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடுவது கஷ்டம்.

இந்தத் துகள் எங்கிருந்து வருது? வெயிலில் கிடக்கும் பழைய தார்ப்பாயைத் தொட்டுப் பாருங்க. பொரபொரன்னு உதிரும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் பிணைப்பை அறுத்துவிடுது. அதே தார்ப்பாயில் புளியையும் சாமையையும் காயப்போட்டால், உதிர்ந்தது தானியத்தோடு கலக்கும். நைந்துபோன தார்ப்பாய், கிழிந்த உரச்சாக்கு, நிலத்தில் விட்டுப்போன மூடாக்குத் தாள், உடைந்த சொட்டுநீர்க் குழாய் எல்லாம் இப்படித்தான் மண்ணோடு சேருது. இந்த மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி வள்ளிமதுரை வரட்டாறு அணை வரைக்கும் போகுது. மேலே நாம் போடும் துண்டு நம்ம காட்டோடு நிற்காது. கீழே இருக்கும் வயலுக்கும் குடிநீருக்கும் பயணம் போகும்.

உடம்புக்குள் போகுதா?

போகுது. இதில் சந்தேகம் இல்லை. 2022-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்தாங்க. 17 பேரின் ரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியில் நஞ்சுக்கொடியிலும் கண்டுபிடித்தாங்க.

"சரி, அதனால் என்ன ஆகும்?" இதுதான் முக்கியமான கேள்வி. 2024-ல் இத்தாலியில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்புக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தாங்க. பாதிக்கும் மேற்பட்டவர்களின் அடைப்பில் பிளாஸ்டிக் துகள் இருந்தது. அப்படி இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேரும் ஆபத்து சுமார் 4.5 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. இதை வைத்து "பிளாஸ்டிக்தான் மாரடைப்புக்குக் காரணம்" என்று சொல்லிவிட முடியாது. 2 விஷயமும் சேர்ந்து காணப்படுது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமும், உடல்நல பாதிப்பை உறுதியாக முடிவு செய்ய ஆதாரம் இன்னும் போதாது, ஆனால் பிளாஸ்டிக் கலப்பதைக் குறைக்கணும் என்றுதான் சொல்லுது.

அதனால் பயப்பட வேண்டாம், அதே நேரம் அலட்சியமும் வேண்டாம். பாதிப்பு முழுசா நிரூபணம் ஆன பிறகு பார்த்துக்கலாம் என்று இருந்தால், மண்ணில் கலந்த பொடியை அப்போது திரும்ப எடுக்க வழி இருக்காது.

சூடும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது

வீட்டில் செய்ய வேண்டியதில் முதல் இடம் இதற்குத்தான். பிளாஸ்டிக் சூடானால் துகள் பல மடங்கு அதிகமாக உதிரும்.

டீக்கடை பேப்பர் கப்பை எடுத்துக்கோங்க. பெயர்தான் பேப்பர். உள்பக்கம் நீர் கசியாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-ல் சோதித்துப் பார்த்தாங்க. 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீரை அந்தக் கப்பில் ஊற்றி 15 நிமிடம் வைத்தபோது, சுமார் 25,000 நுண்துகள்கள் தண்ணீரில் கலந்தன. ஒரு நாளைக்கு 3 கப் என்றால் 75,000.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்ட பொருள். அன்று தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் கைப்பை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசை விரிப்பு இவற்றோடு இதுவும் ஒன்று. கப் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனாங்க. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் "கண்ணாடி டம்ளரில் கொடுங்கண்ணே" என்று நீங்க கேட்பது சட்டப்படி சரியான கோரிக்கை. சூடான சாம்பாரையும் டீயையும் கவரில் கட்டி வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோவதும் இதே காரணத்துக்குத்தான்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கவனியுங்க. 2020-ல் அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வில், பாலிபுரொப்பலீன் பால்புட்டியில் வெந்நீர் ஊற்றிக் கலக்கும்போது லிட்டருக்கு லட்சக்கணக்கில் துகள் வெளிவருவது தெரிந்தது. சூடு ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறியது. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. மருத்துவர் சொல்லி வேறு பால் கொடுக்க வேண்டி வந்தால், எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறிய பிறகு கொடுங்க. நம்ம பாட்டி காலத்துச் சங்கும் பாலாடையும் இன்னும் நல்ல பொருள்தான்.

தண்ணீரும் உப்பும்

கொதிக்க வைத்த தண்ணீர் இதற்கும் உதவும் என்று சீனாவின் குவாங்சோ ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் காட்டியிருக்காங்க. உப்புத்தன்மை உள்ள கடினத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுது இல்லையா? அந்தச் சுண்ணாம்புப் படிவு பிளாஸ்டிக் துகளைத் தன்னோடு பிடித்துக்கொள்ளுது. 5 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டினால் கடினத் தண்ணீரில் 90 சதவீதம் வரைக்கும் துகள் குறைந்தது. மென்தண்ணீரில் சுமார் 25 சதவீதம்தான்.

ஒரு எச்சரிக்கை. நம்ம மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. அதனால் குடிக்கத் தகுந்தது என்று பரிசோதிக்கப்பட்ட தண்ணீரைத்தான் கொதிக்கவைத்துக் குடிக்கணும்.

"உப்பிலும் பிளாஸ்டிக்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியிருக்கும். 2024-ல் டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு சோதித்த எல்லா உப்பு மாதிரியிலும் துகள் இருந்தது உண்மை. அதிகபட்சம் அயோடின் உப்பில், கிலோவுக்குச் சுமார் 89 துண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருவர் நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டாலும் ஒரு துண்டுகூட முழுசா வராது. இதற்குப் பயந்து அயோடின் உப்பை நிறுத்திவிட வேண்டாம். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அந்த ஆபத்து நிச்சயமானது.

நீலக் குடத்தையும் இன்னைக்கே தூக்கிப்போட வேண்டாம். வெயிலில் வைக்காதீங்க. உள்பக்கம் கீறல் விழுந்து செதில் உதிர ஆரம்பித்தால் மாற்றுங்க. அடுத்து வாங்கும்போது எவர்சில்வரோ மண்பானையோ வாங்குங்க.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

நானோ என்ற பெயரை நீங்க உரக்கடையில் கேட்டிருப்பீங்க. நானோ யூரியா 2021-ல் சந்தைக்கு வந்தது, அரை லிட்டர் பாட்டிலில் கிடைக்குது. அது பிளாஸ்டிக் இல்லை. தெரிந்தே நுண்ணிய அளவில் தயாரித்த உரம். ஆனால் எந்த நுண்துகளாக இருந்தாலும் தெளிக்கும்போது மூச்சில் போகாமல் பார்த்துக்கணும். முகக்கவசம் போடுங்க, காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதீங்க, வேலை முடிந்ததும் கை கால் கழுவுங்க. உர பாட்டிலோ மருந்து பாட்டிலோ, காலியானது என்று அதில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைக்கவே கூடாது.

எரிக்கலாமா?

"குப்பை வண்டி எங்க ஊருக்கு வர்றதில்லை, எரிக்காம என்ன பண்றது?" என்று கேட்பீங்க. சரியான கேள்வி. ஆனால் எரித்தால் பிளாஸ்டிக் காணாமல் போகாது. புகையாகவும் சாம்பலாகவும் மாறும். பி.வி.சி. வகை எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். பள்ளத்தாக்கில் புகை சீக்கிரம் கலையாது. அதே காற்றைத்தான் தொட்டிலில் இருக்கும் குழந்தையும் சுவாசிக்கும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கு.

யோசித்துப் பார்த்தால் இங்கே அடிப்படைப் பிரச்சினை ஒன்றுதான். மலைக்கு மேலே ஏறி வரும் பிளாஸ்டிக் கீழே இறங்குவதில்லை. கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டி காலியாகத்தான் திரும்புது. அந்த வண்டியில் மாதத்துக்கு ஒரு தடவை, பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் மூட்டை இறங்கினால் போதும். பாதிப் பிரச்சினை தீரும். மூட்டையில் இருப்பது கழுவிக் காய்ந்ததாக இருக்கணும். அப்போதுதான் அதற்கு மதிப்பு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியில் கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அழுக்கும் ஈரமும் உள்ள கவர் அதற்குப் பயன்படாது.

நீங்கள் கேட்க வேண்டிய சேவைகள்

எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய சேவையைக் கேட்டு வாங்குங்க.

ஒன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 தடவை கூடுது. "எங்கள் குக்கிராமத்தில் ஒரு சேகரிப்பு இடம் வேண்டும், மாதம் ஒரு நாள் வண்டி வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்க. பேச்சோடு விடாதீங்க, தீர்மானமாக எழுதச் சொல்லுங்க.

இரண்டு, புகார். குப்பை எடுக்கவில்லை, தடை செய்த பொருள் விற்கப்படுது என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்கு அழைக்கலாம். கையில் போன் இருக்கு இல்லையா? இடத்தைப் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கோங்க. மனு எண்ணை மறக்காமல் குறித்துக்கோங்க. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

மூன்று, மாற்றுப்பொருள். 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் உங்களுக்கு வருமானமாகவும் மாறலாம். துணிப்பை தைப்பது, பாக்குமட்டைத் தட்டு, இலை தைப்பது எல்லாம் சுய உதவிக் குழு செய்யக்கூடிய தொழில். சாமையும் தேனும் விற்கும்போது கண்ணாடி பாட்டிலிலும் துணிப்பையிலும் கொடுத்தால், வாங்குபவருக்கும் அது நம்ம மலைப் பொருள் என்று பளிச்சென்று தெரியும்.

ஒரு கவர் இன்னைக்கு ஒரு கவர்தான். குனிந்து எடுத்தால் முடிந்தது. 4 வெயிலும் 4 மழையும் பார்த்த பிறகு அது ஆயிரம் துண்டு. அதற்கப்புறம் எந்த அரசாங்கத்தாலும், எந்த இயந்திரத்தாலும் இந்த மலையில் இருந்து அதைப் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு சாக்கை எடுத்து மூலையில் மாட்டுங்க. காய்ந்த பிளாஸ்டிக் மட்டும் அதில் போடுங்க. அடுத்த கிராம சபைக்கு அந்தச் சாக்கையும் தூக்கிட்டு வாங்க. மனுவைவிட அது சத்தமாகப் பேசும்.