நாளை வேலை உண்டா?



கூலி என்றால் என்ன என்று கேட்டால், உழைப்புக்குக் கொடுக்கும் பணம் என்று உடனே விடை கூறுவீர்கள். விடை சரியே, ஆயினும் அது பாதி விடைதான். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலியைப் பேசி முடித்துவிட்டு, எந்தெந்த நாளில் வேலை என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த மனிதனின் மாத வருமானம் எவ்வளவு? கணக்கில் வல்லவரும் இதற்கு விடை காண இயலாது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பல்லாண்டுக் காலம் இந்தக் கணக்கை நாள்தோறும் போட்டுப் பார்த்தவர்கள்.

கடல் வேலையின் இயல்பு அப்படி. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர் கப்பல்கள் கரையை அணுகாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சென்று சரக்கைக் கரை சேர்க்கும். அலை மிகுந்த நாளில் வேலை இல்லை. பின்னர்க் கடலுக்குள் சுவர் எழுப்பி அலையை அடக்கினார்கள். வேலையின் நிச்சயமின்மையை அந்தச் சுவர் அடக்கவில்லை. இன்று நான்கு கப்பல்கள் வரும். நாளை ஒன்றும் வராது. கப்பல் வந்தவுடன் ஆள் வேண்டும் என்பதற்காக, வேலைக்குத் தேவையானதைவிடப் பெரிய கூட்டம் எப்போதும் வாயிலில் நிற்பதையே ஒப்பந்தக்காரர்கள் விரும்பினார்கள். மேஸ்திரி விரல் நீட்டிய ஆளுக்கு அன்றைய சோறு உண்டு. மற்றவர்கள் அடுத்த ஷிப்டுக்குக் காத்திருக்கலாம், அல்லது வீடு திரும்பலாம்.

இதே வடசென்னையில், சிறிது தொலைவில் உள்ள பெரம்பூரின் ஆலைத் தொழிலாளிக்கோ சங்கு ஊதும் நேரம் தெரிந்திருந்தது. அவனுக்கும் குறைகள் இருந்தன. நண்பகல் உணவுக்கு விடும் நேரம் மிகக் குறுகியது என்பது, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த குறைகளுள் ஒன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ, வேலை நேரத்தை எழுதி யாவரும் காணும்படி ஒட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆனால் துறைமுக வாயிலில் எதை எழுதி ஒட்டுவது? கப்பலின் வருகையையா?

இயலாத காரியம் என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் 1889-இல் வேலைநிறுத்தம் செய்தபோது, மணிக்கு ஆறு பென்னி கூலியுடன் வேறொன்றும் கேட்டார்கள்: ஒருவனை வேலைக்கு அழைத்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை தரவேண்டும் என்பதே அது. நம் நாட்டில் 1931-இல் ராயல் தொழிலாளர் கமிஷன், துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து முறைப்படுத்துமாறு பரிந்துரைத்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1948-இல், அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. அதன்படி பம்பாயில் 1951-லும், கல்கத்தாவில் 1952-லும், சென்னையில் 1953-லும் துறைமுகத் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன.

அத்திட்டம் நடந்த விதத்தை நீங்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். தொழிலாளியும் பதிவு பெற்றவன். வேலை கொடுப்பவரும் பதிவு பெற்றவர். ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்து, வரிசை முறைப்படி வேலைக்கு அனுப்பினார்கள். இன்று முதற் குழு சென்றால் அடுத்த முறை அதற்குப் பின்னுள்ள குழு செல்லும். விரல் நீட்டலுக்கு இடமில்லை. அழைக்கும் இடத்துக்கு வந்தும் வேலை கிடைக்காதவனுக்கு வருகைப்படி கொடுத்தார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கேனும் கூலி உறுதி. வேலைக்கென்று வந்தபின் மழையாலோ வேறு காரணத்தாலோ வேலை தொடங்காமல் திருப்பி அனுப்பப்பட்டால், அதற்கும் ஒரு தொகை. இதற்குத் திட்டத்தின் ஆங்கில வாசகத்தில் இட்ட பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் ‘ஏமாற்றப் பணம்’ என்றாகும். தமிழில் அது பிறரை ஏமாற்றிச் சேர்த்த பணம் போல ஒலிக்கிறது. தமிழாசிரியர்கள் நல்ல சொல் ஒன்று கண்டு தரட்டும்! செலவை வேலை கொடுப்பவர்களிடமே தீர்வையாகத் திரட்டினார்கள். தொழிலாளிக்கும் கடமை இருந்தது. முறை வந்தபோது வராதவன் மீது நடவடிக்கை உண்டு.

நான் இராயபுரத்துப் பள்ளியொன்றில் பணியாற்றிய 1980-களில், பதிவு பெற்ற தொழிலாளியின் மகனும், வெளியே அன்றாடக் கூலிக்குப் போகிறவரின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுலாப் பணம் எப்போது தருவாய் என்று கேட்டால், முன்னவன், “ஏழாம் தேதி சார்” என்பான். பின்னவன் தலை குனிவான். இரு தந்தையரின் உழைப்பிலும் அதிக வேறுபாடு இல்லை. சில மாதங்களில் பின்னவருக்கே கூடுதலாகக் கிடைத்ததும் உண்டு. ஆனால் முன்னவன் வீட்டில் சீட்டுக் கட்ட முடிந்தது. வாடகைக்குத் தவணை சொல்ல முடிந்தது. தேதி தெரியாத பணத்தை நம்பிச் சீட்டுச் சேர யார் துணிவார்?

1983-இல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. நூறு முதுகுகள் சுமந்ததை ஒரு பளுதூக்கி தூக்கிற்று. 1997-இல் இயற்றப்பட்ட சட்டம் பெருந்துறைமுகங்களில் இவ்வாரியங்களை முடிக்க வழி செய்தது. சென்னை வாரியமும் பின்னர்த் துறைமுகப் பொறுப்புக் கழகத்தோடு இணைந்துவிட்டது. இயந்திரம் வந்ததை நான் குறை கூறேன். சுமை இறங்கியது நல்லதே. ஆனால் காத்திருத்தல் இடம் மாறிற்று. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாய் நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநருக்கு, நிற்கும் நேரத்துக்குக் கூலி ஏது?

நெகிழ்வான வேலை நேரம் என்று இப்போது பேசுகிறார்கள். நெகிழ்ந்து கொடுக்க வேண்டியவர் யார் என்பதே என் ஐயம். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைக்கான திருத்தம், எதிர்ப்பு வலுத்ததால், மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2017-இல் இயற்றிய சட்டப்படி, பெரிய கடைகளும் உணவகங்களும் விடுதிகளும் வேலை நேரப் பட்டியலை எழுத்தில் முன்கூட்டியே தரவேண்டும். 2020 முதல் 14 நாட்களுக்கு முன்பே தரவேண்டும் என்றாயிற்று. பிறகு மாற்றினால் கூடுதல் ஊதியம். கடை வேறு, துறைமுகம் வேறு என்பீர்களோ? ஆஸ்திரேலியாவில் சிட்னியின் பாட்டனி துறைமுகத்தில் லாரிக்கு உள்ளே நுழையும் நேரத்தை முன்பதிவு செய்கிறார்கள். 2011 முதல், லாரி தாமதித்தால் லாரிக்காரர் அபராதம் கட்டவேண்டும். லாரியை அளவுக்கு மேல் காக்க வைத்தால் முனையம் கட்டவேண்டும். அந்தப் பணம் லாரி நிறுவனத்துக்குப் போகிறது. ஓட்டுநரின் கைக்கு எவ்வளவு வரும் என்பது அவருக்கும் முதலாளிக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 1953-இல் சென்னையில் கொடுத்த வருகைப்படியோ நேரே தொழிலாளியின் கைக்கே வந்தது.